ஸ்டிக்கர்ல பேரு ஒண்ணு, உள்ள சிப்பு வேற: கிராபிக்ஸ் கார்டு கேள்வி பதில்

இந்த தடவ வந்த மெயில், வாட்ஸப் எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல கிராபிக்ஸ் கார்டு பத்தின கேள்விதான். காலேஜ் சேர்ற சீசன், லேப்டாப் வாங்கப்போற வீட்டுல எல்லாம் இதே பேச்சா ஓடிட்டு இருக்கும்னு நினைக்கறேன். அதனால இந்த இதழ் பகுதிய முழுசா இதுக்கே ஒதுக்கிட்டேன். பெரிய காசு போடற பொருள், ஒரு தடவ வாங்கினா நாலஞ்சு வருஷம் அதோடதான் குப்ப கொட்டணும், அதனால சில பதில் நீளமாவே இருக்கும்.

கேள்வி: சார், என் பையன் இன்ஜினியரிங் சேர்றான். ஆர்டிஎக்ஸ் 4060 இருக்கற லேப்டாப்தான் வேணும்னு ஒத்த கால்ல நிக்கறான். ரெண்டு கடையில விசாரிச்சோம், ரெண்டுலயும் 4060தான் போட்டிருக்கு, ஆனா விலையில பதினெட்டாயிரம் வித்தியாசம் வருது. கம்மி விலைல இருக்கறத எடுத்தா என்ன? (ஒரு அம்மா, மதுரை)

பதில்: அம்மா, பையன் கேட்டதுல தப்பில்ல, ஆனா பேர மட்டும் கேட்டுட்டு அதுக்கு பக்கத்துல இருக்கற இன்னொரு நம்பர கேக்காம விட்டுட்டான். எத்தன வாட்டு? அதான் அந்த நம்பர். லேப்டாப்ல வர்ற 4060 சிப்ப 35 வாட்டுல இருந்து 115 வாட்டு வரைக்கும் எந்த அளவுல வேணா ஓட்டிக்கலாம்னு அத செய்யற என்விடியா கம்பெனியே லேப்டாப் கம்பெனிங்களுக்கு இடம் குடுத்திருக்கு. மெல்லிசா, எடை கம்மியா செய்யறவங்க சூடு தாங்காதுன்னு வாட்ட கொறச்சு வச்சுடுவாங்க, கொஞ்சம் தடிமனா பெரிய ஃபேன் வச்சு செய்யறவங்க முழுசா தொறந்து விடுவாங்க, வெளிய ஒட்டற ஸ்டிக்கர் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஒரே கேஸ் அடுப்பு, ஒரு வீட்டுல எப்பவும் சிம்ல எரியுது, இன்னொரு வீட்டுல ஃபுல்லா எரியுது, சோறு வேகற நேரம் ஒண்ணா இருக்குமா?

இத கடையிலயே பாத்துடலாம். போன மாசம் அக்கா பையனுக்கு லேப்டாப் பாக்க போயிருந்தேன், விக்கற தம்பிகிட்ட டிஜிபி (கார்டு எடுக்கற மொத்த வாட்டு) எவ்வளவுன்னு கேட்டா அவருக்கு தெரியல, அவர குத்தம் சொல்ல முடியாது, யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. டெமோவுக்கு வச்சிருந்த லேப்டாப்லயே ஸ்கிரீன்ல ரைட் கிளிக் பண்ணி என்விடியா கன்ட்ரோல் பேனல தொறந்தோம், அதுல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு ஒரு இடம் இருக்கு, அத அழுத்தினா ஒரு பட்டியல் வரும், நடுவுல மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்னு ஒரு வரி. அங்க 75 வாட்னு இருந்துச்சு. பக்கத்து டேபிள்ல இருந்த இன்னொரு கம்பெனி 4060ல அதே வரிய பாத்தோம், 140 வாட் (115க்கு மேல டைனமிக் பூஸ்ட்னு 25 வாட் சேத்து காட்டும்). கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கரண்ட் வாங்கற சிப்பும் வாங்காத சிப்பும் ஒரே பேர்ல பக்கத்து பக்கத்துல ஒக்காந்திருக்கு. 2021ல 30 சீரிஸ் (3060, 3070னு பேர் வச்ச தலைமுறை) லேப்டாப் வந்தப்ப இந்த வாட்டு கணக்க வெளிப்படையா போடணும்னு என்விடியா கம்பெனிங்கள கேட்டுக்கிச்சு, அதனால நெறைய பேர் வெப்சைட்ல போடறாங்க, ஆனா கீழ பொடி எழுத்துல இருக்கும், தேடித்தான் பாக்கணும்.

அதுக்காக வாட் கூட இருக்கறதுதான் நல்லதுன்னு கண்ண மூடிட்டு வாங்கிடாதீங்கம்மா. உங்க பையன் தெனமும் பஸ்ல தூக்கிட்டு போகப்போறான்னா ரெண்டரை கிலோ லேப்டாப்பும் அரை கிலோவுக்கு மேல இருக்கற சார்ஜரும் ஒரே மாசத்துல வெறுத்துடும், அப்ப அந்த கம்மி வாட் லேப்டாப்பே போதும், கோடிங்குக்கு அது தாராளம். ஹாஸ்டல்ல ஒரே டேபிள்ல வச்சு ஓட்டறதுன்னா, விலை கூட இருக்கறதுல வாட்டும் கூட இருந்தா, அந்த பதினெட்டாயிரம் நியாயமான காசுதான்.

கேள்வி: அண்ணா, ஐடில இருக்கேன், ரொம்ப நாள் ஆசை, 5090 போட்ட லேப்டாப் ஒண்ணு வாங்கலாம்னு காசு சேத்து வச்சிருக்கேன். டெஸ்க்டாப் 5090 அளவுக்கு வருமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வராது தம்பி, பக்கத்துல கூட வராது. டெஸ்க்டாப் 5090ல 21,760 கோர் (சிப்புக்குள்ள கணக்கு போடற சின்ன சின்ன பகுதி), 32 ஜிபி மெமரி, 575 வாட். லேப்டாப் 5090ல 10,496 கோர், 24 ஜிபி, அதிகபட்சம் 150 வாட், பூஸ்ட் சேத்தா இன்னொரு 25. கோர் பாதிக்கும் கம்மி. ஏன்னா அது டெஸ்க்டாப் 5090ல இருக்கற சிப்பே கிடையாது, டெஸ்க்டாப் 5080ல போடற சிப்பு. போன தலைமுறையிலயும் இதே கததான், லேப்டாப் 4090 உள்ள இருந்தது டெஸ்க்டாப் 4080 சிப்பு.

இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. 2015 வாக்குல லேப்டாப் கார்டுன்னா பேருக்கு பின்னாடி ஒரு எம் போட்டிருப்பாங்க, 980எம், 970எம்னு. எம் இருந்தா மொபைல், டெஸ்க்டாப்ல இருந்து கம்மின்னு சின்ன பையனுக்கு கூட தெரியும். 2016ல 10 சீரிஸ் வந்தப்ப லேப்டாப் 1060க்கும் டெஸ்க்டாப் 1060க்கும் வித்தியாசம் ரொம்ப கொறஞ்சுடுச்சு, அதனால அந்த எம்ம எடுத்தாங்க, அப்ப அது நியாயம். அப்புறம் டெஸ்க்டாப் கார்டு 250 வாட், 350, 450, 575ன்னு ஏறிட்டே போச்சு, லேப்டாப்புக்குள்ள அவ்வளவு சூட அடைக்க முடியாது, 150லயே நின்னுடுச்சு. இடைவெளி மறுபடி பெருசாயிடுச்சு, ஆனா போன எம் திரும்பி வரவே இல்ல. லேப்டாப் ஜிபியுன்னு (ஜிபியுன்னா கிராபிக்ஸ் சிப்பு) வாலுல ரெண்டு வார்த்த சேக்கறாங்க, விளம்பரத்துல அத யாரு கவனிக்கறா? இத நான் சரின்னு ஒத்துக்கவே மாட்டேன், பேர நம்பி காசு குடுக்கறவனுக்கு பேருல உண்மை இருக்கணும்.

வாங்கக்கூடாதுன்னு சொல்லல. ஊர் ஊரா போற வேலை, போற எடத்துல ரெண்டர் (3டி காட்சிய படமா மாத்தறது) பண்ணணும், பெரிய ஏஐ மாடல் ஓட்டணும்னா அந்த 24 ஜிபி வேற எந்த கேமிங் லேப்டாப் கார்டுலயும் இல்ல. வீட்டுல ஒக்காந்து கேம் ஆடறதுக்குன்னா அதே காசுல நல்ல டெஸ்க்டாப் ஒண்ணு போட்டு, ஆபிஸுக்கு சாதாரண லேப்டாப் ஒண்ணும் வாங்கிட்டு, கையில மீதியும் வச்சுக்கலாம்.

கேள்வி: 549 டாலர் 5070 கார்டு, 4090க்கு சமம்னு என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலயே சொன்னாரே, அது உண்மையா பொய்யா? எங்க ரூம்ல பெரிய சண்டையே நடக்குது. (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: 2025 ஜனவரி, லாஸ் வேகாஸ்ல நடந்த சிஇஎஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில சொன்னாரு. கார்ட கார்டா எடுத்து பாருங்க. 4090ல 16,384 கோர், 24 ஜிபி மெமரி. 5070ல 6,144 கோர், 12 ஜிபி. ரெண்டுக்கும் தயாரிப்பு முறையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சிப்பு செஞ்சு குடுக்கற டிஎஸ்எம்சி கம்பெனியோட அதே 5 நானோமீட்டர் குடும்பம்தான், அதனால சின்ன சிப்பு பெரிய சிப்ப தூக்கி சாப்பிடற அளவுக்கு உள்ள எந்த மாயமும் நடக்கல. அப்புறம் எப்படி சமம்? மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன (கார்டு வரையாத படத்த ஏஐ நடுவுல செருகறது) ஆன் பண்ணி எண்ணினா வர்ற கணக்கு அது.

இத புரிஞ்சுக்கிட்டா கடந்த ஏழெட்டு வருஷத்துல இந்த துறையில நடந்தது மொத்தமும் புரிஞ்சுடும், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். 4கே ஸ்கிரீன்ல ஒரு படத்துக்கு சுமாரா 83 லட்சம் புள்ளி. முன்னாடி எல்லாம் ஒவ்வொரு புள்ளியையும் கார்டு கணக்கு போட்டு வரையும். டிஎல்எஸ்எஸ்னு என்விடியாவோட ஏஐ வசதி ஒண்ணு இருக்கு, அத பெர்ஃபார்மன்ஸ் மோடுல போட்டா 1080பி அளவுக்கு, அதாவது 21 லட்சம் புள்ளிக்கு கிட்டதான் கார்டு நெசமா வரையுது, மீதிய ஏஐ யூகிச்சு நிரப்புது. வாசல்ல பாட்டி நாலு புள்ளி வச்சு ரெண்டு கோடு இழுத்தாலே அது எந்த கோலம்னு அம்மா கண்டுபிடிச்சு மீதிய போட்டு முடிச்சுடுவாங்கல்ல, ஆயிரம் கோலம் பாத்த கண்ணு அது, இந்த ஏஐயும் அப்படி பழகினதுதான், கூடவே அதுக்கு முன்னாடி வந்த படங்களையும், எது எந்த பக்கம் நகருதுங்கற விவரத்தையும் கேம்கிட்ட இருந்து வாங்கிக்குது. 2019ல முதல் வெர்ஷன் வந்தப்ப வாஸ்லைன் தடவின மாதிரி மங்கலா இருந்துச்சு, 2020 மார்ச்ல ரெண்டாவது வெர்ஷன் வந்ததும்தான் ஆளுங்க நம்ப ஆரம்பிச்சாங்க, இப்ப நான்காவதுல பல கேம்ல ஒரிஜினலயும் இதையும் பக்கத்துல வச்சாலும் எனக்கு கண்டுபிடிக்க கஷ்டமாதான் இருக்கு. இது நெஜமான முன்னேற்றம், இத கொற சொல்ல மாட்டேன். 20 சீரிஸ் வச்சிருக்கறவங்களுக்கும் இந்த புது மாடல் கெடைக்குது பாருங்க, அதுக்கு பாராட்டணும்.

ஃப்ரேம் ஜெனரேஷன் வேற விஷயம். அது புள்ளிய இல்ல, முழு படத்தையே இடையில செருகுது. 40 சீரிஸ்ல நெஜ படம் ஒண்ணுக்கு ஒரு செருகல், 50 சீரிஸ் வந்தப்ப மூணு செருகல் வரைக்கும். அப்ப நாலு படத்துல ஒண்ணுதான் நெஜம், அந்த ஒண்ணுலயும் கால்வாசி புள்ளிதான் நெஜம், ஆக 16 புள்ளியில 15 யூகம். பாக்கறதுக்கு வழுவழுன்னு ஓடும், மவுஸ புடிச்சாத்தான் தெரியும். நெஜமா செகண்டுக்கு 30 ஃப்ரேம் (படம்) ஓடற கேம் உங்க கைய 33 மில்லி செகண்டுக்கு ஒரு தடவதான் கவனிக்கும், செருகி 120ன்னு காட்டினாலும் கவனிக்கறது அதே 33க்கு ஒரு தடவதான், போதாக்குறைக்கு நடுவுல செருக அடுத்த படம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அதனால இன்னும் கொஞ்சம் லேட்டாகும். அடிப்படையிலயே 60 ஓடுதுன்னா ஆன் பண்ணுங்க, பிரமாதமா இருக்கும். வாலரன்ட் மாதிரி போட்டி கேம்ல தொடவே தொடாதீங்க. உங்க ரூம் சண்டைக்கு தீர்ப்பு: ஸ்கிரீன்ல காட்டற எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்ங்கற கணக்கு) கிட்டத்தட்ட வரலாம், கார்டு சமம் இல்ல.

கேள்வி: ரே டிரேசிங்னா என்ன அங்கிள்? என் அண்ணன் ஆஃப் பண்ணு ஆஃப் பண்ணுன்னு சொல்றான். (பதினோராம் வகுப்பு மாணவி, சேலம்)

பதில்: பாப்பா, ராத்திரி கரண்ட் போனப்ப மெழுகுவர்த்தி ஏத்தி வச்சா செவத்துல உன் நெழல் விழும்ல, எவர்சில்வர் டம்ளர்ல அந்த சுடர் தெரியும்ல, அதெல்லாம் வெளிச்சம் அங்க பட்டு இங்க தெறிச்சு வர்றது. பழைய கேம்ல இதுல நெறைய ஆர்ட்டிஸ்ட்டுங்க முன்கூட்டியே வரைஞ்சு ஒட்டி வச்சிருப்பாங்க, அப்படி ஒட்டினதுல வெளக்க நகர்த்தினா நெழல் நகராது. ரே டிரேசிங்ல ஒவ்வொரு புள்ளியில இருந்தும் ஒரு கதிர அனுப்பி அது எதுல முட்டுது, எங்க தெறிக்குதுன்னு நெஜமாவே கணக்கு போடறாங்க. ஒரு காட்சியில கோடிக்கணக்குல முக்கோணம் இருக்கும், கதிர் எந்த முக்கோணத்துல முட்டுச்சுன்னு தேடறதுதான் பெரிய பாடு, அந்த தேடல் வேலைக்குன்னே தனியா ஒரு பகுதிய 2018ல ஆர்டிஎக்ஸ் 20 சீரிஸ் சிப்புல வச்சாங்க. அப்பயும் அனுப்பற கதிர் பத்தாது, படம் முழுக்க புள்ளி புள்ளியா மணல் தூவின மாதிரி வரும், அத தொடச்சு சுத்தம் பண்ண இன்னொரு வேலை.

அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, சின்ன கார்டுல ஆன் பண்ணா பாதி வேகம் போயிடும். ஆனா இனிமே ஆஃப் பண்ணவே முடியாத கேமும் வருது, 2025ல வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ரே டிரேசிங் இல்லாத கார்டுல ஓடாது. உனக்கு இதுல ஆர்வம் இருந்தா ப்ளெண்டர்னு ஒரு சாஃப்ட்வேர், இலவசம், அதுல ஒரு மேஜை, ஒரு டம்ளர், ஒரு லைட்டு வச்சு சைக்கிள்ஸ்ங்கறத தேர்ந்தெடுத்து ரெண்டர் போட்டு பாரு, மணல் மணலா ஆரம்பிச்சு மெதுவா தெளியறத கண்ணாலயே பாக்கலாம். அந்த கணக்கெல்லாம் நீ படிக்கற வெக்டார் பாடம்தான்.

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி, ஒம்போது வருஷமா உழைக்குது. மாத்தணுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: நல்ல கார்டு அண்ணே அது, உலகத்துல அதிகம் பேர் வச்சிருந்த கார்டுல ஒண்ணு. ஆனா 2025 அக்டோபரோட 900, 1000 சீரிஸுக்கு புது கேமுக்கான டிரைவர் (கார்ட ஓட்ட வைக்கற சாஃப்ட்வேர்) வர்றது நின்னுடுச்சு, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும். பழைய கேம், வாலரன்ட், படம் பாக்கறதுன்னா விட்டுடுங்க, ஓடட்டும். புது கேம் ஆடணும்னாத்தான் மாத்தணும்.

கேள்வி: 8 ஜிபி போதுமா 16 வேணுமா? ஏஎம்டி, இன்டெல் கார்டெல்லாம் நம்பலாமா? (பலர் கேட்டது)

பதில்: 1080பி மானிட்டர்ல 8 ஜிபி கார்டு மெமரிய வச்சு இன்னிக்கு ஓட்டிடலாம், ஆனா இன்னிக்கு புதுசா காசு குடுத்து டெஸ்க்டாப்புக்கு 8 ஜிபி கார்டு வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். மெமரி நெறஞ்சுட்டா வேகம் மெதுவா கொறையாது, திடீர்னு தடுக்கி தடுக்கி நிக்கும், இல்லன்னா செவுரு, மரம் எல்லாம் களிமண் மாதிரி மழுங்கலா தெரியும், எவ்வளவு கோர் இருந்தும் பிரயோஜனம் இல்ல. 5060 டிஐ கார்ட ஒரே பேர்ல 8 ஜிபிலயும் 16 ஜிபிலயும் விக்கறாங்க, 2025ல வந்தப்ப அமெரிக்க விலையில 50 டாலர்தான் வித்தியாசம், வாங்கினா 16தான். லேப்டாப்ல 5060, 5070 ரெண்டுமே 8 ஜிபி, அதனால 5070ங்கற பேருக்காக ரொம்ப அதிகமா குடுக்காதீங்க, 12 ஜிபி வேணும்னா 5070 டிஐக்கு போகணும்.

ஏஎம்டிய தாராளமா நம்பலாம். 2025 மார்ச்ல வந்த 9070 எக்ஸ்டி 16 ஜிபியோட வந்துச்சு, டிஎல்எஸ்எஸ் மாதிரி அவங்க வச்சிருக்கற எஃப்எஸ்ஆர் 4 முதல் முறையா ஏஐ வச்சு செய்யறதால படம் தரம் நல்லா ஏறியிருக்கு. இன்டெல் பி580, 2024 டிசம்பர்ல 249 டாலருக்கு 12 ஜிபி குடுத்தாங்க, கம்மி பட்ஜெட்டுக்கு அருமையான கார்டு, ஆனா பழைய சிபியுவோட போட்டா வேகம் அடி வாங்குது, ஆறேழு வருஷத்து பழைய கம்ப்யூட்டர்னா வேண்டாம்.

கேள்வி: என் கேமிங் லேப்டாப் வாங்கினப்ப நல்லா ஓடுச்சு, ரெண்டு வருஷத்துல பத்து நிமிஷம் ஆடினாலே கொதிக்குது, கேம் இழுக்குது. கார்டு போச்சா? (வாசகர், வேலூர்)

பதில்: வேலூர் வெயிலுக்கு லேப்டாப்ப குத்தம் சொல்லி பயனில்ல. கார்டு போயிருக்காது, பெரும்பாலும் தூசிதான். என் லேப்டாப்ப ரெண்டரை வருஷம் கழிச்சு தொறந்தப்ப நான் பாத்தத சொல்றேன். அடி மூடிய எடுத்தா ஃபேன் மேல மெல்லிசா ஒரு படலம், அவ்வளவுதானேன்னு தோணுச்சு. ஃபேன் மூடிய கழட்டினப்பதான் தெரிஞ்சுது, ஃபேனுக்கும் செம்பு தகடுக்கும் நடுவுல சாம்பல் கலர்ல ஒரு பட்டை, கம்பளி துண்ட வெட்டி வச்ச மாதிரி, ட்வீசரால ஓரத்த புடிச்சு இழுத்தா அப்படியே முழுசா உரிஞ்சு வந்துச்சு. காத்து போற வழி மொத்தமும் அடைபட்டு கெடந்திருக்கு. வெளிய இருந்து எவ்வளவு ஊதினாலும் அது வராது, இன்னும் உள்ளதான் போய் ஒட்டிக்கும்.

தொறக்கறப்ப முதல்ல பேட்டரி கனெக்டர கழட்டிடுங்க. காத்தடிக்கும்போது ஃபேன் இறக்கைய விரலால புடிச்சுக்கோங்க, சும்மா சுத்த விட்டா பேரிங் போயிடும். தெர்மல் பேஸ்ட் (சிப்பு சூட தகடுக்கு கடத்தற பசை) காஞ்சு பொடியா இருந்தா மாத்தணும், அது பழக்கம் இல்லன்னா சர்வீஸ்ல குடுங்க, வாரன்டி இருக்கான்னு பாத்துட்டு. மெத்தை மேல வச்சு ஆடறத இன்னிக்கே நிறுத்துங்க, பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடி அளவு தூக்கி வச்சா கீழ இருந்து காத்து நல்லா போகும். எஃப்பிஎஸ்ஸ 60லயோ 75லயோ கட்டி வைங்க, தேவையில்லாம 140 ஓட்டி சூடாக்க வேண்டாம்.

கேள்வி: பழைய கார்டு பாதி விலைக்கு வருது, மைனிங்ல ஓடினதுன்னு சொல்றாங்க. வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: 2022 செப்டம்பர் 15ல எத்திரியம்ங்கற கிரிப்டோ காசோட முறை மாறினதோட, கார்ட ராப்பகலா ஓட்டி அத சம்பாதிக்கற மைனிங் முடிஞ்சு போச்சு, அப்ப சந்தைக்கு வந்த கார்டுங்க இன்னும் கை மாறிட்டு இருக்கு. மைனிங்ல ஓடினதாலயே கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது, சிப்பு தாங்கும், ஃபேனும் தெர்மல் பேடும்தான் தேஞ்சிருக்கும். போட்டோ பாத்து காசு அனுப்பவே அனுப்பாதீங்க. நேர்ல போய் அரை மணி நேரம் ஒரு கனமான கேம ஓட்டி பாருங்க, ஃபேன் சத்தத்த காது குடுத்து கேளுங்க. ஜிபியு-இஸட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர பென்டிரைவ்ல கொண்டு போங்க, பழைய கார்டுக்குள்ள இருக்கற பயாஸ்ங்கற சாஃப்ட்வேர மாத்தி புது பேர் காட்ட வச்சு விக்கறது உண்டு, அப்படி இருந்தா பேருக்கு முன்னாடி ஃபேக்னு காட்டிடும். பில்லு இருந்தா வாங்கிக்கோங்க, வாரன்டி மீதி இருக்கலாம்.

கேள்வி: புது கார்டுக்கு பழைய எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் குடுக்கற பெட்டி) போதுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எந்த கார்டுன்னு நீங்க எழுதல, அதனால பொதுவா சொல்றேன். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் குடுக்கும், 8 பின் ஒயர் ஒண்ணு 150 வாட். கார்டு கேக்கற வாட்ட கூட்டி, சிபியுக்கு உண்டானத சேத்து, மேல இன்னொரு 150, 200 வாட் மிச்சம் இருக்கற மாதிரி நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் வாங்குங்க. கேபினெட்டோட இலவசமா வந்தத நம்பி நாப்பதாயிரம் ரூபா கார்ட மாட்டாதீங்க. புது கார்டுல வர்ற அந்த சின்ன 16 பின் கனெக்டர் முழுசா உள்ள போகலன்னா உருகிட வாய்ப்பு இருக்கு, 2022ல 4090 வந்த கொஞ்ச நாள்லயே நெறைய எடத்துல உருகுச்சு. மாட்டும்போது டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க, அப்புறம் டார்ச் அடிச்சு ஓரத்துல இடைவெளி தெரியுதான்னு பாருங்க, கனெக்டர் பக்கத்துலயே ஒயர மடக்காதீங்க, ரெண்டு விரல் அளவாவது நேரா வந்த பிறகு வளைங்க. எந்த கார்டு, என்ன எஸ்எம்பிஎஸ்னு எழுதி அனுப்பினீங்கன்னா அடுத்த இதழ்ல சரியா கணக்கு போட்டு சொல்றேன்.